ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கும் அறிவியல் புரியும்: முறம், சல்லடை, கைப்பேசி போதும்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கிறான். வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் வரும். மோட்டார் ஏன் தண்ணி எடுக்கலைன்னு அப்பாவுக்கே சொல்லித் தருவான். ஆனால் அறிவியல் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டு வரிக்கு மேல் நகர மாட்டான். இன்னொரு பிள்ளை நன்றாகவே படிப்பாள், ஆனால் பத்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார முடியாது. பென்சில் விழும், பை விழும், கவனம் ஜன்னலுக்கு வெளியே போகும். முதல் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் பெயர் 'மக்கு', இரண்டாவது பிள்ளைக்கு 'வால்'.

இரண்டு பெயருமே தப்பு. முதல் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றுவதில் வரும் சிக்கல் டிஸ்லெக்சியா, எழுதுவதில் வருவது டிஸ்கிராஃபியா, எண்களோடு வருவது டிஸ்கால்குலியா. அறிவுத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாவது பிள்ளைக்குக் கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாடு, அதாவது ஏடிஎச்டி, இருக்கக்கூடும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வருவதும் உண்டு. 'இருக்கக்கூடும்' என்றுதான் சொல்கிறோம். முடிவு சொல்ல வேண்டியது மருத்துவக் குழு, நாமோ பக்கத்து வீட்டுக்காரரோ இல்லை.

அறிவியல் பாடத்தைத் தனியாக எடுத்துப் பேசக் காரணம் இருக்கிறது. கையால் செய்து, கண்ணால் பார்த்துக் கற்கக்கூடிய பாடம் இது. எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளை முதலில் ஜெயிக்க வாய்ப்புள்ள இடமும் இதுதான். ஆனால் பல வகுப்பறைகளில் அறிவியலும் இன்னொரு மொழிப்பாடம் மாதிரியே நடக்கிறது: வாசி, அடிக்கோடு போடு, கேள்வி பதிலைக் கரும்பலகையிலிருந்து பார்த்து எழுது. அந்தப் பிள்ளைக்கு எது கஷ்டமோ அதையே மூன்று முறை செய்யச் சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தப் பிள்ளைகளின் சிக்கல் அதுவரை வெளியே தெரியாமலேயே ஓடிவிடும். ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று மதிப்பெண் சரியும், பத்தாம் வகுப்பு பயமுறுத்தும். தருமபுரி மாவட்டத்தில் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பையன் பெங்களூரு பஸ் ஏறுவான், பெண்ணுக்கு வரன் பார்ப்பார்கள்.

முதலில் விலக்க வேண்டியவை

குறைபாடு என்ற வார்த்தைக்குப் போவதற்கு முன்னால் மூன்றைச் சரிபார்த்துவிடுங்கள். கண் தெரிகிறதா? கடைசி பெஞ்சிலிருந்து பலகை தெரியாத பிள்ளையும் தப்புத்தப்பாகத்தான் எழுதும். காது கேட்கிறதா? அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளைக்குப் பாதி பாடம் போய்ச் சேராது. மூன்றாவது, வீட்டு மொழி. நம் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் நிறைய. வீட்டில் தமிழே பேசினாலும், 'தண்ணிய இறுத்து ஊத்து' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தில் உள்ள 'தெளியவைத்து இறுத்தல்' வேற்று மொழி மாதிரிதான். அது குறைபாடு இல்லை, பழக்கமின்மை. கொஞ்ச நாள் உதவினால் தானாகச் சரியாகும்.

அப்படியும் சரியாகாமல், ஒரே மாதிரித் தடுமாற்றம் தொடர்ந்தால்தான் அடுத்த படி. ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் வரும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். படித்த சொல்லையே அடுத்த வரியில் புதுச்சொல்லாகப் பார்ப்பது, 'கொ' மாதிரி எழுத்தில் கொம்பும் காலும் இடம் மாறுவது, வாயால் சொன்ன பதிலை எழுதச் சொன்னால் பாதியில் நிற்பது, இவை சேர்ந்து நீடித்தால் கவனியுங்கள்.

ஒரு பாடத்தை எப்படி மாற்றுவது?

ஆறாம் வகுப்பில் 'நம்மைச் சுற்றியுள்ள பருப்பொருள்கள்' பாடத்தில் கலவைகளைப் பிரிக்கும் முறைகள் வரும். தூற்றுதல், சலித்தல், காந்தப் பிரிப்பு, வடிகட்டுதல், தெளியவைத்து இறுத்தல் என்று வரிசையாகப் பெயர்கள். வழக்கமாக என்ன நடக்கும்? ஐந்து விளக்கத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்வோம். வாசிப்பு வராத பிள்ளை அங்கேயே விழுந்துவிடும்.

அதற்குப் பதிலாக, இந்தப் பாடம் முடிந்த பிறகு பிள்ளையின் தலையில் ஒரே ஒரு விஷயம் தங்க வேண்டும் என்றால் அது எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியரானாலும் பெற்றோரானாலும் மாலை நேரத்தில் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலரானாலும் இதே கேள்விதான். இங்கே அது: கலந்திருக்கும் இரண்டு பொருளுக்கும் எதில் வித்தியாசமோ, அதை வைத்துத்தான் பிரிக்க முடியும். எடையில் வித்தியாசமா, அளவிலா, காந்தத்திடம் ஒட்டுவதிலா? ஐந்து பெயரும் இந்த ஒரு யோசனையின் கிளைகள்.

இப்போது புத்தகத்தை மூடி வையுங்கள். தரையில் நான்கு கிண்ணம். ஒன்றில் கேழ்வரகும் உமியும், ஒன்றில் கேழ்வரகும் கல்லும், ஒன்றில் மணலும் இரும்புத் தூளும், ஒன்றில் சேற்றுத் தண்ணீர். பக்கத்தில் முறம், சல்லடை, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், ஒரு வெள்ளைத் துணி. எதை எதால் பிரிக்கலாம் என்று மட்டும் கேளுங்கள், வேறொன்றும் சொல்ல வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைக்கு முறத்தைக் கையில் கொடுத்தால் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, பாட்டி புடைப்பதைப் பார்த்தே வளர்ந்திருக்கும். உமி ஏன் பறக்குது, கேவுரு ஏன் பறக்கலை என்று கேட்கும்போது பாடம் தொடங்கிவிட்டது. (காந்தத்தை ஒரு பாலித்தீன் உறையில் போட்டுப் பயன்படுத்துங்கள். தூள் நேரடியாக ஒட்டினால் அப்புறம் நாள் பூரா சுரண்ட வேண்டியிருக்கும்.)

செய்து முடித்த பிறகுதான் பெயர். ஒரு அட்டையில் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு சின்னப் படம். நீளமான சொல்லைப் பிரித்து எழுதுங்கள்: தெளிய – வைத்து – இறுத்தல். அரிசி களைந்த தண்ணீரை அம்மா இறுத்து ஊற்றுவதை நினைவுபடுத்துங்கள். புத்தகம் கடைசியில் வரட்டும். அதற்குள் அந்தப் பத்தியில் என்ன இருக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததை வாசிப்பது, தெரியாததை வாசிப்பதைவிடப் பல மடங்கு சுலபம். வரிசையைத் தலைகீழாக்கியதைத் தவிர இதில் புதுமை எதுவும் இல்லை, ஆனால் அந்த ஒரு மாற்றமே பாதி வேலையை முடித்துவிடும்.

கவனம் சிதறும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சில ஏற்பாடுகள் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான். 'தட்டை எடு, தண்ணி ஊத்து, கலக்கு, அளந்து எழுது' என்று ஒரே மூச்சில் சொன்னால் முதலாவதும் கடைசியும்தான் காதில் விழும். நடமாடும் வேலையைச் சட்டப்படி அவனுக்கே கொடுத்துவிடுங்கள்: பொருட்களை எடுத்து வருவது, கழுவி வைப்பது, மற்ற குழுக்களுக்கு விநியோகிப்பது. எப்படியும் எழுந்திருக்கத்தான் போகிறான், பாடத்துக்காக எழுந்திருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு சின்ன வேலை முடிய வேண்டும், முடிந்தது என்று அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இடம் முன்வரிசை, வாசலுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி. அடுப்பு, ஸ்பிரிட் விளக்கு வேண்டாம். உப்புத் தண்ணீரை வற்றவைக்க நம் மாவட்டத்து வெயிலே போதும், தட்டில் ஊற்றி மதில் மேல் வைத்துவிட்டு மாலையில் பாருங்கள்.

நம் ஊர்த் தண்ணீரிலிருந்து ஒரு கேள்வி

இந்தப் பாடத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். வீட்டில் சுத்தமான டம்ளரில் உப்பைக் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். (உப்புக்கு மட்டும்தான் இந்த அனுமதி. ஆய்வகப் பொருள் எதையும் ருசி பார்க்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.) உப்பு போகவில்லை. சேறு நின்றது, உப்பு ஏன் நிற்கவில்லை? கரைந்துவிட்டது, துணியின் ஓட்டைக்கு அது சிக்காது.

அடுத்த கேள்வி: நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உள்ள ஃபுளூரைடு வடிகட்டினால் போகுமா? போகாது, அதுவும் கரைந்திருப்பது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர்தான் குறையும். தாத்தாவின் பல்லில் உள்ள பழுப்புக் கறையையும் முட்டி வலியையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு இது வெறும் பாடம் இல்லை. குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் அதிகபட்சம் 1.5 என்பது இந்தியத் தர நிர்ணயம். இதற்காகத்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு வரி எழுத வராத பிள்ளையும் 'அப்ப எந்தக் குழாய்த் தண்ணியைக் குடிக்கணும்?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் போடலாம்.

மற்ற பாடங்களுக்கும் இதே வழிதான். மின்னியலுக்கு இரண்டு செல், ஒரு வெள்ளை எல்இடி, கொஞ்சம் ஒயர். ஒரு செல்லின் 1.5 வோல்ட்டுக்கு அது எரியாது, இரண்டை வரிசையாக வைத்தால் எரியும், நீளமான கால் நேர்முனைப் பக்கம். மாற்றி வைத்து எரியாமல் போவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். வாழ்க்கைச் சுழற்சிக்கு நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் ஏது? பட்டுப்புழு வளர்ப்பவர் வீடு பக்கத்திலேயே இருக்கும். முட்டை, நான்கு முறை தோலுரிக்கும் புழு, சந்திரிகையில் கூடு, கடைசியில் அந்துப்பூச்சி. வாரம் ஒரு முறை போய்க் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, படங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் அதுவே விடைத்தாள்.

மதிப்பிடுவதில்தான் நாம் கறாராக இருந்து காரியத்தைக் கெடுக்கிறோம். அறிவியல் தெரியுமா என்று பார்க்கும்போது அறிவியலை மட்டும் பாருங்கள், எழுத்துப்பிழையைப் பார்க்காதீர்கள். வாயால் சொல்லட்டும், படம் வரைந்து பாகம் குறிக்கட்டும், செய்து காட்டட்டும். முன்கூட்டிச் சொல்லாமல் வகுப்பு முன்னால் எழுப்பி வாசிக்க வைப்பது வேண்டவே வேண்டாம். அதற்காகக் கேள்வியையே சின்னதாக்கி, யோசிக்கவே தேவையில்லாத கோடிட்ட இடமாக்கிவிடுவதும் உதவி இல்லை. பிள்ளை ஏறி வர வழியைத்தான் மாற்ற வேண்டும், உயரத்தைக் குறைக்கக் கூடாது.

இவையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகள் முழுக்கப் போனது. அட்டைகளை எடுத்து, தரையில் உட்கார்ந்து, தன் வேகத்தில் படித்த அந்தத் தலைமுறையில் சிலர் இன்று பெற்றோர். இப்போது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்க வானவில் மன்றம் இருக்கிறது, 2022 நவம்பர் 28 அன்று தொடங்கப்பட்டது. கருத்தாளர் உங்கள் பள்ளிக்கு எந்த நாள் வருகிறார் என்று கேட்டு, அன்று மட்டுமாவது பிள்ளையை விடுப்பு எடுக்காமல் அனுப்புங்கள்.

உங்கள் கைப்பேசி என்ன செய்யும்?

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டைத் தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்தின் காணொளி வரும். மணற்கேணி செயலியில் அறிவியல், கணிதப் பாடங்கள் சின்னச் சின்ன அசைவூட்டக் காணொளிகளாகத் தமிழிலேயே இருக்கின்றன. வாசிக்கத் திணறும் பிள்ளைக்குப் புத்தகப் பக்கத்தைக் கூகுள் லென்ஸில் காட்டி, படித்துக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். பக்கத்தைக் குரலாக்கித் தரும், பிள்ளை விரலை வரிமேல் வைத்துக்கொண்டே கேட்கலாம். பாடநூல் பிடிஎஃப் சிலவற்றில் பழைய எழுத்துரு இருப்பதால் அவற்றை நேரடியாக வாசிக்கச் சொன்னால் குளறும், லென்ஸ் வழியே போனால் அந்தத் தொல்லை குறைவு. எழுதத் திணறும் பிள்ளை விசைப்பலகையின் மைக்கை அழுத்திப் பேசினால் தமிழில் எழுத்தாக வரும். வீட்டுப்பாடத்தைப் பலகையிலிருந்து எழுதி வர முடியாவிட்டால், ஆசிரியரிடம் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஒரு எச்சரிக்கை. கவனம் சிதறும் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போனால், திரும்பி வரும்போது பாடம் இருக்காது, குறும்படம்தான் ஓடிக்கொண்டிருக்கும். காணொளியைத் தரவிறக்கி வைத்து, இணையத்தை அணைத்து, பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.

யாரிடம் போவது?

வகுப்பறையில் மேலே சொன்ன மாற்றங்களுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'சர்ட்டிஃபிகேட் வரட்டும், பார்க்கலாம்' என்பதில் பல பிள்ளைகளின் வருடங்கள் போகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தேவையான மாற்றம் செய்து தரும் கடமையை அந்தச் சட்டமே சொல்கிறது. ஏடிஎச்டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆகவே அது மட்டும் உள்ள பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைப்பது கடினம். அதற்காக வகுப்பில் உதவி மறுக்கப்படக் கூடாது.

முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் சிரமங்களை முதற்கட்டமாகப் பதிவுசெய்ய 'நலம் நாடி' செயலி இருக்கிறது. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் உள்ளடக்கிய கல்விக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு ஆண்டுதோறும் வரும் நடமாடும் மருத்துவக் குழு, கற்றல் குறைபாட்டையும் ஏடிஎச்டியையும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும். அன்று உங்கள் சந்தேகத்தை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அங்கிருந்து மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள். கற்றல் குறைபாட்டுக்கான சான்று 8 வயது முடிந்த பிறகே தரப்படும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதனை உண்டு. சான்று பெற யூடிஐடி தளத்தில் கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் 'இப்ப நல்லாத்தானே இருக்கான்' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சான்றிதழ் கட்டாயம் தேவைப்படும் இடம் பொதுத்தேர்வு. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. கையால் செய்து கற்ற பிள்ளை செய்முறையில் தடுமாறாது, 75தான் மலை. சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு என்று தேர்வுத் துறை சலுகைகள் தருகிறது. தலைமை ஆசிரியர் வழியாக, மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். மார்ச்சில் தேர்வு என்றால் ஜனவரியில் ஓடுவது வீண். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழ் வேலையை முடித்து, பத்தாம் வகுப்பு தொடங்கிய ஜூனிலேயே விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். எழுதுபவர் கிடைத்துவிட்டால் போதாது. இன்னொருவர் எழுதும் வேகத்துக்கு ஏற்ப விடையை வரிசையாகச் சொல்வதும் ஒரு பழக்கம்தான். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே அதைப் பழக்கிவிடச் சொல்லுங்கள், பாகம் குறிக்கும் படங்களுக்கும் சேர்த்து.

பள்ளி மேலாண்மைக் குழுவில் துணைத் தலைவர் பொறுப்புக்குச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு முன்னுரிமை உண்டு. உங்கள் பள்ளியில் அது யார் என்று கேட்டு, அவரோடு சேர்ந்தே கூட்டத்தில் பேசுங்கள். பள்ளியில் பதில் கிடைக்காவிட்டால் கல்வி உதவி எண் 14417. பிள்ளையின் மனநிலை பற்றியோ உங்கள் மனச்சோர்வு பற்றியோ பேச வேண்டுமானால் டெலி-மானஸ் 14416. இரண்டும் ஒரு எண்தான் வித்தியாசம், பெயரோடு கைப்பேசியில் பதிந்து வையுங்கள். கொடுத்த விண்ணப்பம், மருத்துவர் சீட்டு, சான்றிதழ் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்துத் தனி ஆல்பத்தில் போட்டு வையுங்கள். தலைமை ஆசிரியர் மாறினாலும் பிள்ளை பள்ளி மாறினாலும் அந்த ஆல்பத்தைக் காட்டி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.